அப்பளம் கூச்சிங் போன கதை

சீதாலெட்சுமிக்குக் காதுதான் சொத்து. பிரிக்பீல்ட்ஸில் அவளைத் தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கோலாலம்பூர் தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக டிரங்க் கால் ஆபரேட்டர்; வெளியூர் அழைப்புகளை வயர் செருகி இணைக்கிற வேலை. ஈப்போவில் இருமுகிறவர் யார், மலாக்காவில் பெருமூச்சு விடுகிறவர் யார் என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடுவாள். வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல்காரர்களுக்கு, "லைன் எங்கேஜ்டாவே இருந்திச்சு லா" என்று பதில் வரும்.

அவள் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. நம்பரைக் கேட்பாள், தானும் திருப்பிச் சொல்வாள், எதிராளியையும் திருப்பிச் சொல்ல வைப்பாள். இரண்டு முனையிலும் "ஹலோ" என்ற குரல் கேட்கும் வரை வயரிலிருந்து கையை எடுக்க மாட்டாள். "சரி, சரி" என்று மொட்டையாகச் சொல்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "சரின்னா என்ன சரி? சொல்லுங்க பாப்போம்" என்பாள். இந்தப் பழக்கம் நிலையத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்டிறைச்சிக் கடைக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் அவளிடம் பாடம் ஒப்பித்துத்தான் தப்பித்தார்கள்.

வீட்டில் அவளோடு இருந்தது ஒரே ஒரு ஜீவன். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிப் போன சீனத் தோழி ஒருத்தி குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போன பெக்கினீஸ் நாய். வந்தபோது அதன் பெயர் பிரின்ஸ். கிள்ளானிலிருந்து வந்த அக்காள் புருஷன் கன்னையா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன சீதா, இது மூஞ்சி மேல யாராச்சும் உக்காந்துட்டாங்களா? அப்பளம் மாதிரி இருக்கு" என்றார். அன்றோடு பிரின்ஸ் ஒழிந்தான். பதினொரு வருடமாக அவன் அப்பளம்தான்.

மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு மட்டும் இருக்கிற நாய் அது. மூச்சு விடுவதே அதற்கு ஓர் உழைப்பு. நடந்தால் சீறும், சாப்பிட்டால் முக்கும், தூங்கினால் குறட்டை விடும். அந்தக் குறட்டையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சீதாலெட்சுமி வீட்டிலிருந்து போனில் பேசினால், கூச்சிங் தொலைபேசி நிலையத்து லூசி, "உன் நாய்க்கு குட்நைட் சொல்லு" என்பாள். லூசி, சரவாக்கின் இபான் பழங்குடிப் பெண். இரண்டு பேரும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பதினைந்து வருடமாகப் பேசி வந்தார்கள். முகம் பார்த்ததில்லை. ஆனால் லூசிக்கு அப்பளத்தின் குறட்டை அத்துப்படி.

1982 மார்ச்சில் சீதாலெட்சுமிக்கு ஒரு கடிதம் வந்தது. கூச்சிங் நிலையத்தில் சூப்பர்வைசர் பதவி. பதவி உயர்வுக்காக இதற்கு முன் இரண்டு தடவை அவள் பெயர் மேலே போய்க் கீழே வந்திருந்தது. இரண்டு தடவையும் அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்களே அவளைத் தாண்டிப் போனார்கள். கடிதத்தைப் படித்ததும் நிலையத்துக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள். மே 31, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே கையெழுத்துப் போட வேண்டும். "வரலைன்னா பட்டியல்ல அடுத்த ஆளு, அவ்வளவுதான்" என்றார் பெரிய அதிகாரி, சிரித்துக்கொண்டேதான்.

கூச்சிங் கடலுக்கு அந்தப் பக்கம், சரவாக்கில். ரயில் போகாது, லோரி போகாது. பறந்துதான் போக வேண்டும்.

"நாய இங்க கிள்ளான்ல விட்டுட்டுப் போ. வயசான காலத்துல அதப் போயி பிளேன்ல ஏத்துவாங்களா?" என்றாள் அக்கா பவுனம்மாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு தடவை மூன்று நாள் கிள்ளானில் விட்டுவிட்டுப் போனபோது அப்பளம் ஒரு பருக்கை தொடவில்லை. வாசல் கதவைப் பார்த்தபடியே கிடந்தது. அது சீதாலெட்சுமிக்கு மறக்கவில்லை. போனால் இரண்டு பேரும் போவது, இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தாள். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கு ஒரு புத்திமதி வரும்.

நேரே டாக்டர் அடைக்கப்பனிடம் போனாள். லெபோ அம்பாங் தெருவில் மூன்று தலைமுறையாக வட்டிக்கடை நடத்திய வீட்டுப் பிள்ளை, நாய் பூனைக்கு ஊசி போட வந்துவிட்டார் என்று உறவுக்காரர்கள் இன்னும் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அப்பளத்தின் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார்.

"இதயம் பரவால்ல, மிஸ் சீதா. மூச்சுக்குழாய்தான் சின்னது. நாய்க்கு வேர்க்காது. மூச்சு விட்டுத்தான் உடம்பு சூட்டைத் தணிக்கணும். இவனுக்கு அதுவே கஷ்டம். சூடு ஏறிச்சுன்னா அரை மணி நேரத்துல கதை முடிஞ்சிடும். ஆனா ஒழுங்கா செஞ்சா போகலாம்."

"ஒழுங்கான்னா?"

அவர் விரல் மடக்கினார். காலை முதல் விமானம், வெயில் ஏறுவதற்குள். நடுவில் எங்கும் இறங்காத விமானம். எழுந்து நின்று திரும்ப இடம் உள்ள கூண்டு. வயிற்று முடியை ஒட்ட வெட்ட வேண்டும், பத்தில் ஒரு பங்கு எடையும் குறைய வேண்டும். கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முன்பிலிருந்து சோறு கிடையாது, தண்ணீர் மட்டும். கடைசியாகச் சொன்னதை மட்டும் மேசையைத் தட்டிச் சொன்னார்.

"தூக்க மருந்து கூடவே கூடாது. எல்லாரும் அதைத்தான் குடுக்கச் சொல்வாங்க. குடுத்தா தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைச்சிடும். மேல பறக்கும்போது எழுப்பி விட ஆள் கிடையாது."

சீதாலெட்சுமி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். டாக்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கூண்டு கன்னையாவின் பொறுப்பு. போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், மரப்பெட்டி என்றால் அவருக்கு உயிர். முதலில் அவர் கொண்டுவந்ததைப் பார்த்துச் சீதாலெட்சுமி, "மாமா, இது சேவல் அனுப்புற பெட்டி" என்றாள். முகம் சுருங்கித் தூக்கிக்கொண்டு போனவர், அடுத்த வாரம் நாலு பக்கமும் கம்பி வலை அடித்த கூண்டோடு வந்தார். வெளிப்பக்கம் சுற்றிலும் மூன்று விரல் கனத்தில் கட்டைகள் அறைந்திருந்தார்.

"இது எதுக்கு மாமா?"

"கிடங்குல பாத்திருக்கேன்லா. காத்து ஓட்டை இருக்குன்னு எவன் பாப்பான்? பக்கத்துல இன்னொரு பெட்டிய ஒட்டி வெச்சிட்டுப் போயிடுவான். இந்தக் கட்டை இருந்தா ஒட்ட முடியாது, இடுக்குல காத்து வரும்."

டாக்டர் சொல்லாத விஷயம் அது. சீதாலெட்சுமி அன்றைக்குக் கன்னையாவுக்கு நாலு முறுக்கு அதிகமாக வைத்தாள்.

பிறகு ஆறு வாரம் வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. அப்பளத்துக்குச் சாப்பாடு கூண்டுக்குள், தூக்கம் கூண்டுக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னையாவின் வேனில் கூண்டை ஏற்றி பிரிக்பீல்ட்ஸிலிருந்து செமினி வரை ஒரு சுற்று. முதல் வாரம் ஊளையிட்ட நாய், நாலாவது வாரம் வேன் சத்தம் கேட்டாலே கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு குறட்டையைத் தொடங்கியது. கிண்ணத்தில் தண்ணீரை ஐஸ் கட்டியாக உறைய வைத்தாள். சிந்தாது, மெள்ள உருகும், நாய் நக்கிக் குடிக்கும். சரவாக் கால்நடை இலாகாவின் அனுமதிக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்து மூன்று பைகளில் வைத்தாள்.

மே 28, வெள்ளிக்கிழமை காலை ஏழே கால் மணி விமானத்துக்குச் சீட்டும் ஆயிற்று. வழியனுப்ப அக்காவும் மாமாவும் முதல் நாளே வந்து தங்கினார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. மழை பெய்து ஓய்ந்திருந்தது, நல்ல குளிர்ச்சி. எல்லாம் எண்ணியபடியே நடக்கிறது என்று சீதாலெட்சுமிக்கு மனசு நிறைந்திருந்தது. பங்சாரைத் தாண்டும்போது அவள் காதுக்கு ஏதோ குறைந்தது. என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது. குறட்டை இல்லை.

"தூங்குறான் போல" என்றார் கன்னையா.

தூங்கினால்தானே அவன் குறட்டை விடுவான்? சீதாலெட்சுமி பின்னால் எட்டிக் கூண்டின் மேல் காதை வைத்தாள். உள்ளேயிருந்து மெல்லிய விசில் போல ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

சுபாங் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் விளக்கு வெளிச்சத்தில் கூண்டைத் திறந்தாள். அப்பளத்தின் தலை அவள் கையில் துணிப்பொம்மை மாதிரி சாய்ந்தது. நாக்கின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. கூப்பிட்டால் கண் பாதி திறந்தது, மூடிக்கொண்டது.

கொட்டகைக் கிளார்க் ஜெயராஜ், சீதாலெட்சுமியிடம் ஏற்கெனவே இரண்டு தடவை பாடம் ஒப்பித்தவன், சீட்டு ஒட்டும் பசையோடு நின்றான். அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இவனுக்கு ஏதாச்சும் குடுத்தியா?"

பவுனம்மாள் சேலைத் தலைப்பைப் பிசைந்தாள். "நீ குளிக்கப் போனப்ப... கொஞ்சமா தயிர்சோறு. வெறும் வயித்தோட கடல் தாண்டிப் போவுதே, பாவம். நம்ம வீட்டுலேர்ந்து யாரை அப்படி அனுப்பியிருக்கோம்?"

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லயே."

மூன்று வார்த்தைதான். ஆனால் முதல் வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இழுப்பு இருந்தது. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் மூச்சைக் கேட்ட காது அதைத் தவறவிடுமா?

"அக்கா, திருப்பிச் சொல்லு. தயிர்சோறு. அப்புறம்?"

பவுனம்மாள் அழுதுவிட்டாள். "மாமாவோட தூக்க மாத்திரை. பாதிதான் சீதா. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா அவரு போடுவாரில்ல, அது. பயந்து போவாம தூங்கிக்கிட்டே போய்ச் சேரட்டும்னு பொடிச்சுக் கலந்தேன்."

கன்னையா தலையில் கை வைத்துக்கொண்டார். சீதாலெட்சுமிக்கு வந்த கோபத்தில் காது இரைந்தது. தன் அக்காவை அறையலாம் போலிருந்தது. இத்தனை நாள் ஊர் உலகத்தையே ஒப்பிக்க வைத்தவள், சொந்த அக்காவை ஒப்பிக்க வைக்கவில்லை. அந்த எண்ணம் வந்ததும் கோபம் தன் மேலேயே திரும்பியது.

"அக்கா, நேரமாகுது. பத்து நிமிஷத்துல குளோஸ் பண்ணிடுவாங்க" என்றான் ஜெயராஜ். அவனுக்குக் கேட்டது பாதி, புரிந்தது கால். "தூங்குற நாய்தான் நல்லதுக்கா. சத்தம் போடாது. ரெண்டு மணி நேரம்தானே?"

அப்பளத்தின் தலையைத் தாங்கியபடியே சீதாலெட்சுமி நாள்களை எண்ணிப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை கூச்சிங்கில் கையெழுத்து. கவாய் அறுவடைத் திருநாளுக்குச் சரவாக்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்பும் வாரம். இந்த விமானத்தை விட்டால் சனியும் ஞாயிறும் ஓர் இருக்கைகூட இல்லை. இரண்டு தடவை கை நழுவிய நாற்காலி மூன்றாவது தடவையும் நழுவப் போகிறது. பாதி மாத்திரைதானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று மனசு சொன்னது. அப்படிச் சொன்ன மனசைப் பிடிக்கவில்லை.

"தம்பி, என் சீட்டையும் கேன்சல் பண்ணு. இவன் இன்னிக்குப் போக மாட்டான்."

கொட்டகைப் போனிலிருந்தே டாக்டர் வீட்டுக்கு அழைத்தாள். அவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, விஷயத்தைக் கேட்டதும் விழித்துக்கொண்டார். "நெஞ்சு மேல படுக்க வைங்க. மோவாயத் தூக்கிப் பிடிங்க, நாக்கை வெளியே இழுத்து விடுங்க. வேன் ஜன்னலைத் திறந்து வைங்க. நேரா கிளினிக்குக்கு வாங்க."

"நெஞ்சு மேல. மோவாய் தூக்கி. நாக்கு வெளியே. ஜன்னல் திறந்து. கிளினிக்" என்றாள் சீதாலெட்சுமி.

வழியெல்லாம் அப்பளத்தின் மோவாயை உள்ளங்கையில் தாங்கி மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். பவுனம்மாள் ஓர் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கிளினிக்கில் டாக்டர் பிராணவாயுக் குழாயை அந்தத் தட்டை மூஞ்சிக்கு முன்னால் பிடித்தார். மணி எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றே காலுக்கு, மேசை மேலிருந்து ஒரு கரகரப்பு எழுந்தது. முதலில் தயங்கியது, பிறகு ஏறியது, பிறகு அறையெல்லாம் நிறைந்தது. குறட்டை! சீதாலெட்சுமி சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அதுவரை அழவில்லை.

"ஏத்தியிருந்தா?" என்று கேட்டார் கன்னையா.

"மேலயே மூச்சு நின்னிருக்கும்" என்றார் டாக்டர். "ரெண்டு நாள் போகட்டும். நாளைக்கு மறுபடி பாக்குறேன். நல்லா இருந்தா ஞாயித்துக்கிழமை போகலாம்."

போகலாம், சரி. எதில் போவது? வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சுதான் எழுந்தது.

"நீ கிடைக்கிற சீட்டுல முன்னால போ சீதா. நாய நான் அப்புறமா பத்திரமா அனுப்பி வைக்கிறேன்" என்றார் கன்னையா.

"நான் பக்கத்துல இருக்கறப்பவே இப்படி ஆச்சு மாமா" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அக்கா வாசலில் நிற்பதைப் பார்த்தாள். பவுனம்மாள் உள்ளே போய் அரிசி களைந்தாள்.

மத்தியானம் சீதாலெட்சுமி தன் நிலையத்துக்கே போன் செய்தாள். எடுத்தது சந்திரகலா, அவளிடம் வேலை கற்றவள். நடந்ததைக் கேட்டதும், "நீங்க நாய்க்குப் பக்கத்துல இருங்கக்கா. மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்றாள். அன்றைக்கு மாலையிலிருந்து விமான டிக்கெட் ஆபீஸில் ஒரு கிளார்க்குக்கு நிம்மதி போயிற்று. டீ குடிக்கப் போகிற ஆபரேட்டர் ஒவ்வொருத்தியும் டீக்குப் பதிலாக வெளியே பொதுத் தொலைபேசிக்குப் போய், "ஞாயித்துக்கிழமை முதல் பிளேன்ல ஒரு ஆளு, ஒரு நாய். இடம் வந்திச்சா?" என்று கேட்டாள். ஒருத்தி முடித்தால் அடுத்தவள். ஏழு பேர், இரண்டு ஷிப்ட். எல்லாரும் சீதாலெட்சுமியின் மாணவிகள். "சரி, பாக்குறேன்" என்ற பதிலோடு ஒருத்தியும் போனை வைக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அப்பளத்தைப் பரிசோதித்த டாக்டர் புதுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. டிக்கெட் கிளார்க்கேதான்.

"மிஸ் சீதாலெட்சுமியா? ஞாயித்துக்கிழமை முதல் பிளேன்ல ஒருத்தர் கேன்சல் பண்ணிட்டாரு. கீழ நாய்க்கும் இடம் இருக்கு, காத்து வசதி உள்ள அறைதான், நானே கேட்டுட்டேன். ஒரு ஆளு, ஒரு நாய், காலை ஏழே கால். நானே திருப்பிச் சொல்லிட்டேன், பாத்தீங்களா? தயவு செஞ்சு உங்க பொண்ணுங்கள இனிமே போன் பண்ண வேணாம்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பவுனம்மாள் சமையற்கட்டுப் பக்கமே போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் காவல் இருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். சீதாலெட்சுமி காப்பி கொண்டுவந்து நீட்டினாள்.

"எனக்கு வேணாம். அது சாப்பிடாம போவுது. போய்ச் சேந்து அது சாப்பிட்டுச்சுன்னு கேட்ட பெறகுதான் எனக்குப் பச்சத் தண்ணி."

"அக்கா, உனக்குச் சக்கரை இருக்கு."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ போ." பிறகு ஒரு தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினாள். "முந்தா நேத்து செஞ்சதுக்கு மன்னிச்சுக்க. இதுல நேத்து ராத்திரியே பிசைஞ்சு வெச்ச தயிர்சோறு இருக்கு. மூடி மேல உன் கையெழுத்துலயே எழுதி ஒட்டிக்க, அங்க போய்தான் குடுக்கணும்னு. மாத்திரை இல்ல. தயிர், சோறு, உப்பு. திருப்பிச் சொல்லவா?"

சீதாலெட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்காவைக் கட்டிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் கட்டிக்கொள்ளும் வழக்கமெல்லாம் கிடையாது. கன்னையா திகைத்துப் போய் வேனைத் துடைக்கப் போய்விட்டார்.

வேன் பங்சாரைத் தாண்டியபோது குறட்டை கணீரென்று கேட்டது. சரக்குக் கொட்டகையில் ஜெயராஜ் அவளைப் பார்த்ததும், அவள் வாய் திறப்பதற்குள் தொடங்கிவிட்டான். "கடைசியா ஏத்தணும், முதல்ல எறக்கணும். வெயில்ல வைக்கக் கூடாது. மேல பெட்டி அடுக்கக் கூடாது. கூச்சிங்குக்கு டெலக்ஸ் அடிச்சு நாய் வருதுன்னு சொல்லியாச்சு. போதுமாக்கா?"

"போதும் தம்பி. நல்லா இருப்ப."

விமானத்தில் உட்கார்ந்ததும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, கீழே உயிருள்ள சரக்கு இருப்பது கேப்டனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் அந்தப் பெண். என்ன தெரியும் என்று கேட்டாள் சீதாலெட்சுமி. அந்தப் பெண் முன்னால் போய்விட்டு ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள். "நாய் ஒன்று. பெயர் அப்பளம். வயது பதினொன்று. அறையில் காற்றும் குளிரும் சரியாக உள்ளன" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேப்டன் கையெழுத்தே போட்டிருந்தார். அந்தக் காகிதத்தைப் பிற்பாடு கண்ணாடி போட்டு மாட்டினாள். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. காலடித் தரை வழியாகக் குறட்டை கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் சத்தத்தில் என்ன கேட்கும்? முதல் தடவையாகத் தன் காது உதவாத இடத்தில் இருந்தாள். பயமாக இருந்தது.

கூச்சிங்கில் இறங்கியதும் மற்றவர்கள் பெட்டி வரும் இடத்துக்கு நடந்தார்கள்; அவள் சரக்குக் கொட்டகைக்கு ஓடினாள். சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள் என்று பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். கொட்டகை வாசலில், கறுப்புக் கண்ணாடி போட்ட குட்டையான ஒரு பெண் கூண்டுக்குப் பக்கத்தில் நிழலில் குந்தியிருந்தாள். சீதாலெட்சுமி அவளை இதற்கு முன் பார்த்ததே இல்லை.

"இங்க வாடி சீதா. நீ இவ்வளவு உயரமா!" என்றாள் அந்தப் பெண், மலாயில். குரலைக் கேட்டதும் லூசி என்று தெரிந்துவிட்டது. "சந்திரகலா பிளேன் நேரத்தைச் சொன்னா. கூண்டுல ஒட்டின சீட்டெல்லாம் நான் பாக்கல. கொட்டகைக்குள்ள நுழையும்போதே சத்தம் கேட்டுச்சு. எத்தனை வருஷமா கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

கூண்டுக்குள் கிண்ணத்தில் பாதி ஐஸ் மிச்சமிருந்தது. அப்பளம் நாலு காலையும் பரப்பிக்கொண்டு, உலகத்தில் ஒன்றும் நடக்காதது போலக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கதவைத் திறந்ததும் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். நாக்கு நல்ல சிவப்பு. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டாள். பதவி, நாற்காலி, கையெழுத்து எதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்பது மட்டும் இருந்தது.

லூசி வீட்டில் சீதாலெட்சுமி முதலில் அப்பளத்துக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் விட்டாள். அதற்குப் பிறகு தூக்குச்சட்டியைத் திறந்தாள். அப்பளம் முக்கி முக்கித் தயிர்சோற்றைக் கடைசிப் பருக்கை வரை நக்கிவிட்டு, அப்படியே சரிந்து படுத்தான்.

லூசி நிலையத்தைக் கூப்பிட்டாள். கூச்சிங் ஆபரேட்டர் கோலாலம்பூரைப் பிடிக்க, கோலாலம்பூரில் சந்திரகலா கிள்ளானைப் பிடித்தாள். இரண்டு முனையும் பேசும் வரை சந்திரகலா வயரை விடவில்லை என்பது சீதாலெட்சுமிக்குக் கேட்டது.

"அக்கா, வந்து சேந்துட்டோம்."

மறுமுனையில் ஒரு மூச்சு இழுப்பு கேட்டது. பிறகு, "சாப்பிட்டுச்சா?"

சீதாலெட்சுமி போனைத் தரைக்குக் கொண்டுபோய் அந்தத் தட்டை மூஞ்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். சோறு உண்ட குறட்டை, கடலைத் தாண்டி, மூன்று தொலைபேசி நிலையம் தாண்டி, கிள்ளான் வீட்டுக் கூடத்தில் போய் விழுந்தது. கால் நிமிஷம் கழித்துப் போனைக் காதுக்கு எடுத்தபோது, அங்கே அக்கா வேறு பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்வது கேட்டது.

"என்னங்க, எனக்கு ஒரு தட்டு போடுங்க. பசி உசுரு போவுது."